க்ளிப் கழற்றிய பிறகு எந்த ரிடெய்னர்? வீட்டில் கழுவி வைப்பவர் பார்வையில்

பல்லுக்குப் போட்ட க்ளிப்பைக் கழற்றப் போகிறார்கள் என்றதும், அதன் பிறகு பல் நகராமல் பிடித்து வைக்கும் ரிடெய்னரைப் பற்றி டாக்டர் கேட்பார்: "ரிடெய்னர் எது போடலாம்? கம்பி வைத்ததா, கண்ணாடி மாதிரி இருப்பதா?" பெரும்பாலும் பிள்ளையே முந்திக்கொண்டு கண்ணாடி மாதிரி இருப்பதைத்தான் கேட்கும். வெளியே தெரியாது என்பதைவிட அந்த வயதில் வேறு என்ன காரணம் வேண்டும்? எங்கள் வீட்டில் மகளுக்கு அது வந்தது. மகனுக்கு முறை வந்தபோது கம்பி வைத்த ஹாலி ரிடெய்னரை நானே கேட்டு வாங்கினேன். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே போர்வெல் தண்ணீரில் புழங்குகின்றன. வருடக்கணக்கில் போட வேண்டிய பொருள் என்பதால் எனக்கு ஹாலிதான் மேல்.

என்னென்ன என்று தெரியாதவர்களுக்காக. ஹாலி என்பது பழைய வடிவம். அமெரிக்கப் பல் மருத்துவர் சார்லஸ் ஹாலி 1919-இல் எழுதி வெளியிட்டது. அடிப்படை இன்றும் மாறவில்லை. அண்ணத்தோடு ஒட்டி உட்காரும் ஒரு அக்ரிலிக் தகடு, முன்பற்களின் மேல் ஓடும் ஒரு கம்பி, கடைவாய்ப் பற்களைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள், அவ்வளவுதான். கண்ணாடி ரிடெய்னர் என்பது மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, பல் அச்சின் மேல் உறிஞ்ச வைத்து எடுப்பது. மூன்றாவது, கீழ் முன்பற்களின் உட்புறம் பசை போட்டு ஒட்டிவிடும் நிரந்தரக் கம்பி.

க்ளிப் கழற்றியதும் பல் அந்த இடத்திலேயே நின்றுவிடாது. பல்லைச் சுற்றியுள்ள எலும்பும் நார்களும் புது இடத்துக்குப் பழகச் சில மாதங்கள் பிடிக்கும். ஈறில் உள்ள மீள்தன்மை கொண்ட நார்களுக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை அவை பல்லைப் பழைய பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் முதலில் சில மாதங்கள் சாப்பாட்டு நேரம் தவிர நாள் முழுக்க, அப்புறம் இரவில் மட்டும் என்று சொல்கிறார்கள். வயது ஏற ஏற முன்பற்கள் நெருக்கிக்கொள்வதும் உண்டு. ஆகவே, வரிசை கலையாமல் இருக்க வேண்டும் என்கிற வரைக்கும் இரவில் போட வேண்டும் என்பதுதான் இப்போது பல டாக்டர்களின் பேச்சு.

தோற்றத்தில் கண்ணாடி ரிடெய்னர்தான் ஜெயிக்கும், அதில் வாதமே இல்லை. பேச்சிலும் அதுவே சுலபம். ஹாலி தகடு அண்ணத்தை மூடிவிடுவதால் நாக்கை மேலே மடக்கிச் சொல்லும் ழ, ள, ண எல்லாம் ஆரம்பத்தில் குழறும், எச்சிலும் ஊறும். என் மகன் பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்து வாசித்துத்தான் அதைச் சரிசெய்தான். சில நாட்களில் பழகிவிட்டது. விலை ஊருக்கு ஊர், டாக்டருக்கு டாக்டர் மாறுகிறது. முதல் விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

என் முடிவுக்குக் காரணம் பராமரிப்பு. க்ளிப் இருக்கும் வரைக்கும் வீட்டில் நாம் செய்வதெல்லாம் ஒப்பேற்றும் வேலைதான். கம்பி நுனி கன்னத்தில் குத்தினால் அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, டாக்டர் கொடுத்த மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அழுத்திவிடுவோம். புண் ஆனால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்போம். முறுக்கைக் கடித்து, பல்லில் ஒட்டியிருக்கும் க்ளிப் துண்டு கழன்றால் போன் பண்ணுவோம். எப்படியும் அடுத்த மாதம் டாக்டர் பார்க்கப் போகிறார் என்ற தைரியம் இருக்கும். ரிடெய்னர் வந்த பிறகு அந்த மாதாந்திர வருகை நின்றுவிடுகிறது. அதன் பிறகு ரிடெய்னர் வைக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குப் பொறுப்பு வீடுதான். அதனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது தளர்ந்தால், உடைந்தால், அழுக்கேறினால் என்ன ஆகும்?

முதலில் தளர்வு. ஹாலி கொஞ்ச நாளில் லேசாக ஆட ஆரம்பிக்கலாம், நாக்கால் தள்ளினால் "டக்" என்று எழும்பும். டாக்டரிடம் கொண்டுபோனால் குறடால் கொக்கியை இறுக்கிக் கையில் கொடுத்துவிடுவார், சில நிமிட வேலை. நாமே வீட்டில் வளைக்கக் கூடாது. கம்பி தவறான பக்கம் போனால் அது தாங்கிப் பிடிக்க வேண்டிய பல்லையே தள்ளும். கண்ணாடி ரிடெய்னரில் இறுக்கிக்கொடுக்கக் கொக்கி எதுவும் கிடையாது. பிளாஸ்டிக் விரிந்துவிட்டால் புதிதுதான்.

அடுத்தது உடைசல். மகளுடையது கடைவாய்ப் பக்கம் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல் விட்டு, அது மெல்ல மெல்ல நீண்டு பிளந்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு மேற்பரப்பே தேய்ந்து ஓட்டை விழும். அதை ஒட்டவைக்க வழியில்லை. ஹாலியின் அக்ரிலிக் தகடு விண்டால், துண்டுகள் இரண்டையும் பத்திரமாகக் கொண்டுபோனால் லேபில் பெரும்பாலும் இணைத்துக் கொடுத்துவிடுவார்கள். தயவுசெய்து பெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள். அது வாய்க்குள் வைக்கும் பசையே அல்ல. கூடவே, மயிரிழை தவறி ஒட்டிவிட்டால் லேபிலும் பிறகு அதைச் சரியாகப் பொருத்த முடியாமல் போகும்.

உடைந்ததற்கும் புதிது வருவதற்கும் இடையிலான இடைவெளிதான் எனக்கு உண்மையான கவலை. அச்சு எடுத்து, லேபுக்குப் போய், திரும்பி வருவதற்குள் பல் நகர்ந்துவிடலாம், அதுவும் முதல் வருடத்தில். அப்படிக் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் ஹாலியின் முன்கம்பியைச் சற்றே மாற்றி அந்தச் சின்ன நகர்வைத் திருப்பிக் கொண்டுவர டாக்டரால் பல சமயம் முடியும். கண்ணாடியில் அந்தச் சலுகை மிகக் குறைவு. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கம்பி பக்கம் சாய்ந்தேன்.

சில நாள் போடாமல் விட்டுவிட்டுத் திரும்பப் போடும்போது இறுக்கமாக இருந்தால் பயப்பட வேண்டாம். முழுதாக உட்கார்ந்துவிட்டது என்றால் சில நாட்கள் கூடுதல் நேரம் போட்டால் இறுக்கம் குறையும். ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் கடித்து உள்ளே தள்ளக் கூடாது. அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டுவிடுங்கள். இது எந்த வகைக்கும் பொருந்தும்.

மூன்றாவது சூடு. நம் ஊருக்கு இது பெரிய விஷயம். கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கிருமி நீக்கலாம் என்று பெரியவர்கள் அக்கறையோடு சொல்வார்கள். இரண்டு வகையையுமே அது கெடுக்கும், ஆனால் கண்ணாடி ரிடெய்னர் வேகமாக நெளிந்துவிடும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு, வண்டியின் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டி, அடுப்பு மேடை, இந்த மூன்று இடமும் வேண்டாம். ரிடெய்னரை மாட்டிக்கொண்டே காபி குடிக்கிற பழக்கமும் கூடாது. சூடு ஒரு பக்கம் இருக்கட்டும், சர்க்கரை கலந்த எதுவும் பிளாஸ்டிக்குக்கும் பல்லுக்கும் நடுவில் தேங்கிக்கொள்ளும். எச்சில் உள்ளே புகுந்து கழுவ முடியாது. சொத்தைக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. மாட்டியிருக்கும்போது வெறும் தண்ணீர் மட்டும், ஜூஸோ பாட்டில் குளிர்பானமோ குடிப்பதென்றால் கழற்றிவிட்டுத்தான்.

கழுவுவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கழற்றியதும் சாதாரணத் தண்ணீர், மிருதுவான பிரஷ், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. பற்பசை போடாதீர்கள், அதில் உள்ள பொடி கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விடும், அழுக்கு அங்கேயே குடியேறி வாடை வரும். கண்ணாடி ரிடெய்னர் மங்கிப்போவதற்கு எங்கள் வீட்டில் அதுதான் முதல் காரணமாக இருந்தது. போர்வெல் தண்ணீர் வீடுகளில் வெள்ளையாக உப்புப் படியும், எச்சிலில் உள்ள கால்சியமும் சேர்ந்துகொள்ளும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து 15 முதல் 20 நிமிடம் ஊறவைத்துத் தேய்த்தால் இளகும். நன்றாக அலசினால் புளிப்பு வாடை போய்விடும். பிளீச்சிங் திரவம் எதற்கும் வேண்டாம், ஹாலிக்கு அறவே வேண்டாம், கம்பி அரித்துப்போகும். ஹாலியில் கூடுதல் வேலை ஒன்று உண்டு: கொக்கிகள் தகடுக்குள் நுழையும் மூலைகளில் மாவு மாதிரி அழுக்கு சேரும். அதற்குப் பல் இடுக்கில் விடும் சின்ன பிரஷ் வைத்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் கண்ணாடி வகை சுலபம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஹாலியைக் கழற்றும் முறையைப் பிள்ளைக்கு முதல் நாளே கற்றுக்கொடுத்துவிடுங்கள். முன்கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கடைவாய்க் கொக்கிகளில் நகத்தை வைத்து ஒரே சமயத்தில் இறக்க வேண்டும். நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடுவதை நிறுத்துவதுதான் கஷ்டம், அந்தப் பழக்கத்தில்தான் கொக்கி சீக்கிரம் தளர்கிறது. தகடு ஓரம் ஈறில் அழுத்திப் புண்ணானால் டாக்டர் அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்துவிடுவார், வீட்டில் உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டாம்.

கண்ணாடி வகைக்கு நான் அநியாயம் செய்துவிடக் கூடாது. 2007-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு இரண்டையும் ஆறு மாதம் ஒப்பிட்டுப் பார்த்தது. முன்பற்களின் வரிசையைப் பிடித்து வைப்பதில் கண்ணாடி வகை சற்று முன்னால் நின்றது. என் அனுபவம் ஆறு மாதத்துக்குப் பிறகு, வீட்டில் நடப்பதைப் பற்றியது. அதுவும் இரண்டு பிள்ளைகளின் அனுபவம் மட்டுமே. நாள் முழுக்கப் பேசிச் சம்பாதிக்கிறவர்கள், கல்லூரியில் முதல் வருடம் நுழைகிற பிள்ளை, கம்பி தெரிந்தால் போடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்கள், இவர்களுக்குக் கண்ணாடியே சரி. பெட்டியில் கிடக்கிற ஹாலி எந்தப் பல்லையும் பிடித்து வைக்காது. பகலுக்குக் கண்ணாடி, இரவுக்கு ஹாலி என்று இரண்டும் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. கை தாங்கினால் நல்ல ஏற்பாடு.

நிரந்தரக் கம்பியைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது, எங்கள் அண்ணிக்கு இருப்பதைப் பார்த்ததுதான். மறந்துபோக வழியில்லை, தொலையாது, வெளியே தெரியாது. கீழ் முன்பற்கள் மோசமாக நெருக்கியிருந்தவர்களுக்கு டாக்டரே இதைத்தான் சொல்வார். ஆனால் நாக்குக்கு அடியில் எச்சில் சுரக்கும் துளை அந்த இடத்திலேயே இருப்பதால் காரை வேகமாகப் படியும். கம்பிக்கு அடியில் நூலை ஊசி மாதிரி நுழைத்து ஒவ்வொரு இடுக்காகச் சுத்தம் செய்ய வேண்டும், அண்ணி இரவில் அதற்கென்றே நேரம் ஒதுக்குகிறார். இன்னொரு ஆபத்து, ஒரு பல்லில் மட்டும் பசை விட்டுப்போனால் வலியே இருக்காது, அந்தப் பல் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். பல் தேய்க்கும்போது நாக்கு நுனியால் கம்பி ஒட்டியிருக்கும் ஒவ்வொரு இடத்தையும் தடவிப் பார்ப்பது நல்லது. கம்பி நுனி விலகிக் குத்தினால் மெழுகு வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும், இழுத்துப் பிடுங்கக் கூடாது.

தொலைவதில் மட்டும் ஹாலிக்கும் கண்ணாடிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கல்யாணப் பந்தியில் கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலை ஓரத்தில் வைப்பார்கள், இலையோடு சேர்ந்து அது போய்விடும். கண்ணாடி வகை எச்சில் டிஷ்யூவோடு டிஷ்யூவாகக் கண்ணிலேயே படாது. ஹாலியாவது கலர் தகடாக இருப்பதால் எடுத்துப்போடுகிறவர் பார்த்துக் கூப்பிட வாய்ப்புண்டு. மகனுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் தகடாகக் கேட்டதற்கு அதுவே காரணம். பெட்டி எப்போதும் பைக்குள் இருக்கட்டும், பெட்டிக்கு வெளியே ரிடெய்னருக்கு இருக்கும் இடம் வாய் மட்டும்தான் என்று சொல்லி வையுங்கள். வீட்டில் நாய் இருந்தால் மேசை மேல்கூட வைக்காதீர்கள், எச்சில் வாடைக்கு அது தேடி வந்து கடித்துவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், க்ளிப் கழற்றும் அன்றே கடைசி அச்சை, அல்லது ஸ்கேன் எடுத்திருந்தால் அந்தக் கோப்பை, கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு அடுத்த ரிடெய்னர் செய்யும்போது அந்த அச்சு கையில் இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. அச்சு எங்கள் வீட்டு அலமாரியில், அவள் பெயர் எழுதிய டப்பாவில் இருக்கிறது. கொடுக்க மாட்டோம் என்று சொல்லும் இடத்தில், எவ்வளவு காலம் அங்கே வைத்திருப்பார்கள் என்றாவது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.