ஃபைபர் போட ஆஸ்திரேலிய வழியா, நியூசிலாந்து வழியா?

நாடு முழுக்க வேகமான இணையத்துக்கு ஃபைபர் (கண்ணாடி இழை கேபிள்) போட அரசே இறங்குவதா, தனியாரைச் சேர்த்துக்கொள்வதா? பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டும் ஆளுக்கொரு வழியில் போய்ப் பார்த்துவிட்டன.

யார் போடுவது?
ஆஸ்திரேலியா: 2009-இல் தொடங்கிய என்பிஎன் என்ற அரசு நிறுவனம்.
நியூசிலாந்து: கோரஸ் உட்பட நான்கு நிறுவனங்கள், அரசு முதலீட்டோடு.

போட்டி?
இரண்டிலும் கேபிள் போடுபவர் மொத்த வியாபாரி மட்டுமே. வீட்டுக்கு இணைப்பு விற்பது மற்றவர்கள். நியூசிலாந்து இதில் கறார். அங்கிருந்த பெரிய தொலைபேசி நிறுவனமான ‘டெலிகாம்’ 2011-இல் இரண்டாகப் பிரிந்துதான் திட்டத்துக்குள் வந்தது. பிரிந்த கேபிள் பகுதிதான் கோரஸ்.

திட்டம் நிலைத்ததா?
ஆஸ்திரேலியா: 2013-இல் ஆட்சி மாறியது. தெருமுனை வரை ஃபைபர், அப்புறம் பழைய செம்புக் கம்பி என்று சிக்கனம் பார்த்தார்கள். 2020-இல் திரும்ப ஃபைபருக்கே வந்து, அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கினார்கள். முதலில் ஓலை வேய்ந்து, ஒழுகிய பிறகு ஓடு போட்ட கதைதான்.
நியூசிலாந்து: வீடு வரை ஃபைபர், 2022 இறுதியில் 87% மக்களுக்கு எட்டியது.

என் ஓட்டு நியூசிலாந்துக்கு. ஆனால் அங்கே பெரிய நிறுவனம் பிரியச் சம்மதித்தது. அது நடக்காத இடத்தில், அல்லது செயற்கைக்கோள் தேவைப்படும் அளவுக்கு ஊர்கள் சிதறிக் கிடந்தால், அரசு நிறுவனம்தான் சரி.