கல்பாத்திப் புழையில் மருந்தெச்சம்: பாட்டில் மாதிரியா, பாசிவ் சாம்ப்ளரா?

பாலக்காட்டு நகரின் ஊடாக ஓடும் கல்பாத்திப் புழை, பறளியில் சித்தூர்ப் புழையோடு கூடிப் பாரதப்புழையாகிறது. அதில் வலிப்பு மருந்தான கார்பமசெபின், வலி மருந்தான டைக்ளோஃபெனாக், காப்பியிலுள்ள காஃபீன் ஆகியவற்றின் எச்சங்களைத் தேட எங்கள் குழு முற்பட்டபோது இரண்டு வழிகள் இருந்தன: தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது, நீரில் கரைந்தவற்றைத் தானே உறிஞ்சிச் சேர்க்கும் ‘போசிஸ்’ என்னும் பாசிவ் சாம்ப்ளரை வாரக்கணக்கில் நீருக்குள் கட்டிவைப்பது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். பிறருக்கும் அதையே சொல்வேன்.

பாட்டிலின் வசதி எல்லோரும் அறிந்ததே. செலவு குறைவு, லிட்டருக்கு எத்தனை நானோகிராம் (கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்ற கணக்கு நேரடியாகக் கிடைத்துவிடும்.

போசிஸ் என்பது இரண்டு மெல்லிய சவ்வுகளுக்கு நடுவே சுமார் 200 மில்லிகிராம் உறிஞ்சுபொடியை வைத்து எஃகு வளையங்களால் இறுக்கிய வட்டு. நீரில் கரைந்துள்ள மருந்துகள் சவ்வைக் கடந்து பொடியில் சேர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்தச் சேகரிப்புதான். நகரத்துப் புழையில் கழிவு ஒரே சீராக வருவதில்லை. ஊர் குளித்துத் துவைக்கும் காலை வேளையில் சாக்கடை வாயில் வரும் நீர் வேறு, நண்பகலில் வருவது வேறு, இரவில் யாரோ டேங்கர் லாரியிலிருந்து திறந்துவிடுவது முற்றிலும் வேறு. பாட்டில் அந்த ஒரு நிமிடத்தை மட்டுமே பிடிக்கும். பலமுறை பிடித்தாலோ ஒவ்வொன்றுக்கும் ஆய்வகக் கட்டணம் தனி. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில், மருந்தாலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே சிப்ரோஃபிளாக்சசின் என்னும் ஆன்டிபயாட்டிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த அளவுக்கு ஒரு பாட்டிலே போதும். வீட்டுக் கழிவு சேரும் புழையில் கணக்கு நானோகிராமில் என்பதால், பாட்டிலில் தென்படாத பொருளும் பொடியில் நாள்தோறும் திரண்டு அகப்படுகிறது.

கைப்பக்குவம் மட்டும் கூடுதலாக வேண்டும். காப்பி குடித்த கையோ, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் களிம்பு தேய்த்த கையோ வட்டில் படக்கூடாது. அதைச் சரிபார்க்க, கட்டும்போதும் எடுக்கும்போதும் இன்னொரு வட்டைக் கரையில் காற்றுப்படத் திறந்துவைத்து, அதையும் சேர்த்தே ஆய்வுக்கு அனுப்புகிறோம்.

பொடியில் சேர்ந்த எடையைச் செறிவாக மாற்றும் கணக்கில் நீரோட்டமும் வெப்பமும் சவ்வில் படியும் பாசியும் குறுக்கிடுவதால், வரும் எண்ணை மதிப்பீடாகவே கொள்ள வேண்டும். புழையின் மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் ஒப்பிட அது போதும். எங்கள் அனுபவம் கோடைக்கால ஓட்டத்தோடு நிற்கிறது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை வெள்ளத்தில் வட்டு தாங்குமா என்பதற்கு என்னால் உறுதி தர இயலாது. அதிகாரிகளிடம் புகாராகக் கொண்டுபோக நேரடிச் செறிவு தேவைப்படும் என்பதால், வட்டை எடுக்கும் நாளில் ஒரு பாட்டில் நீரும் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்துவிடுகிறோம்.