செம்மண் தோட்டத்தில் சோலர் பம்ப்: பல போகம் பாவித்த பிறகு

யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கம் எங்கள் தோட்டம். வெங்காயம், பீற்றூட், இடையில் மிளகாய். கிணற்றில் சோலர் பம்ப் பூட்டிப் பல போகம் போய்விட்டது. பூட்ட யோசிக்கிறவர்கள் அடிக்கடி வந்து விசாரிப்பதால் எழுதுகிறேன்.

மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசினிலிருந்து மாற வைத்தது 2022. எண்ணெய்க்கு வரிசையில் நின்று அலுத்த வருடம் அது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. கரண்ட் மோட்டர் வைத்திருந்தவர்கள் மட்டும் தப்பினார்களா? மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் போத்தல் கணக்கில் எண்ணெய் வாங்கித் தோட்டம் செய்தவர்கள் இதையும் சமாளித்தார்கள். எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

நான் எடுத்தது பற்றறி இல்லாத வகை. பனல், அதன் மின்னை மோட்டருக்கு ஏற்றபடி கொடுக்கும் கொன்ட்ரோலர், கிணற்றுக்குள் இறக்கிய டிசி மோட்டர், அவ்வளவுதான். விடிய எழும்பி இறைக்கிற பழக்கம் இதற்குச் சரிவராது. வெயில் ஏறிய பிறகுதான் தண்ணீர் உருப்படியாக வரும். வந்தாலும் மண்ணெண்ணெய் மெசினின் வேகம் இல்லை. செம்மண் உறிஞ்சுகிற மண். மெல்ல வருகிற தண்ணீரை வாய்க்காலே குடித்துவிடும், கடைசிப் பாத்திக்கு எட்டாது. அதனால் உயரத்தில் தொட்டி கட்டிப் பகல் முழுக்க நிரப்பி, பின்னேரம் திறந்து விடுகிறேன். இந்தத் தொட்டிச் செலவை விற்கிறவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை. நீங்களே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பனை. வேலியோரப் பனையின் நிழல் பின்னேரம் ஒரு பனலில் விழும். பனல்களைத் தொடராக இணைத்திருப்பதால் ஒன்று மங்கினால் மற்றவையும் சோர்ந்துவிடும். தறிக்க மனம் வரவில்லை, தாங்கியைத்தான் தள்ளி நட்டோம். சித்திரை வெயிலில் தண்ணீர் அள்ளிக் கொட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 25 பாகைக்கு மேல் பனல் சூடாகிற ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 வீதம் உற்பத்தி குறையும். காகம் எச்சமிட்டால் துடைக்க வேண்டும். மற்றபடி பனலால் ஒரு கரைச்சலும் இல்லை.

கரைச்சல் கொன்ட்ரோலரில் வந்தது. ஒரு மாரியில் இடி முழக்கத்தோடு செத்துப்போனது. பழைய மோட்டர் எரிந்தால் சுன்னாகத்தில் கம்பி சுற்றித் தருவார்கள், மெசின் என்றால் எந்த ஒழுங்கையிலும் கழற்றிப் பூட்ட ஆள் உண்டு. இதன் சர்க்கிட் பலகையைத் தொட இங்கே ஆளில்லை. விற்ற நிறுவனம் கொழும்புக்கு அனுப்பித் திருப்பித் தரக் கிழமைக் கணக்கில் இழுத்தது. மாரி என்பதால் பயிர் தப்பியது. இதுவே வைகாசி என்றால் வெங்காயம் கருகியிருக்கும். சூரிய ஒளி இலவசம்தான். ஆனால் கிழமைக்குக் கிழமை எண்ணெய்க்குப் போன காசு இப்போது மொத்தமாகக் கடனாக வருகிறது, திருத்துகிற வருமானமும் ஊரை விட்டுப் போகிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதென்று சொல்லி முழு இலங்கையும் இருண்டதே, அன்று எங்கள் தொட்டி வழமைபோல நிரம்பியது. கூரையில் பெரிய சோலர் போட்ட பக்கத்து வீட்டில் கரண்ட் இல்லை. பனல் மின்னை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற, பொது மின் வலையமைப்போடு இணைந்த இன்வேட்டர், லைனில் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்காக, மின் போனதும் தானாக நின்றுவிடும். கொளுத்துகிற வெயிலில் அவர்களுக்கு விசிறியும் இல்லை.

எனக்கு உண்மையில் யோசனையைத் தந்தது வேறு விடயம். பக்கத்துத் தோட்டத்து அண்ணை சொன்னார்: "வெயில் காசு கேக்காதுதானே தம்பி, விடு, ஓடட்டும்." அங்கேதான் பயம். துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தில் உடம்பு களைத்தால் இறைப்பு நின்றது. மெசின் வந்த பிறகு எண்ணெய்க் காசு நிறுத்தியது. இதற்கு அப்படி ஒரு கடிவாளமும் இல்லை. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். சுண்ணக்கல்லுக்குள் கடல்நீரின் மேல் மிதக்கிற மழைநீரைத்தான் எல்லோரும் குடிக்கிறோம், இறைக்கிறோம். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மேலே 1 அடி நிரந்தரமாக இறங்கினால், காலப்போக்கில் உப்பு அந்த 40 அடியும் ஏறி வரும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது ஊரறிந்த விடயம். போதாததற்கு, அதிகமாக இறைத்தால் யூரியாவும் கரைந்து அதே கிணற்றுக்குத்தான் இறங்குகிறது. எங்கள் வலிகாமப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதற்கு உரமும் ஒரு காரணம்.

நான் தொட்டியில் மிதவை ஆளி பூட்டியிருக்கிறேன், நிரம்பியதும் மோட்டர் நிற்கும். கிணற்றிலும் நீர்மட்ட உணரி இருக்கிறது, தண்ணீர் அளவுக்கு மீறி இறங்கினால் மோட்டரை நிறுத்தும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை, ஆனால் கேட்டால்தான் பூட்டித் தருவார்கள். எண்ணெய்க் காசு மிச்சம் என்ற ஒன்றுக்காகவே மறுபடியும் இதைத்தான் வாங்குவேன். கரையோரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும், கடனுக்குக் கையெழுத்து வைக்க முதல், புரட்டாதியில் கிணற்று நீர் அடியில் இறங்கிக் கிடக்கும்போது தண்ணீரை எடுத்துப்போய் உப்புச் சோதனை செய்யுங்கள்.