ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மசாஜ்: சேர்த்துப் பணம் கட்டலாமா?

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கும் தோழி நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, மசாஜ் சென்டரில் பத்து தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் குறைத்துத் தருகிறார்களாம். கட்டட்டுமா?" அவளுக்கும் என்னைப் போலவே ஃபைப்ரோமயால்ஜியா, உடம்பெல்லாம் வலியும் சோர்வும் தூக்கக் கோளாறுமாக நாள்பட இழுக்கும் நோய். டர்பனில் நான் வருஷக்கணக்காக மசாஜுக்குப் போய்வருவது அவளுக்குத் தெரியும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மசாஜ் செய்த அன்று ராத்திரி தூங்குகிறேன். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அடித்துப் போட்ட மாதிரி எழுந்திருக்கிறவர்களுக்கு அந்தத் தூக்கத்தின் அருமை தெரியும். மறுநாள் கழுத்தைத் திருப்பி காரை ரிவர்ஸ் எடுக்க முடிகிறது. வலி போகாது, இரண்டு மூன்று நாள் தணிந்திருக்கும். அதுவே எனக்குப் பெரிசு.

ஆனால் அந்த அழுத்தம்! புதிதாக வரும் ஒவ்வொரு தெரபிஸ்டும் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலை வைத்ததும், "தசையில் எவ்வளவு முடிச்சு!" என்று அதைக் கரைத்தே தீருவதென்று இறங்கிவிடுகிறார்கள். நம் கோளாறின் வேர் அந்த முடிச்சில் இல்லை. மூளையும் தண்டுவடமும் வலியைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. லேசாகத் தொட்டாலே வலிக்கிற உடம்பில் முழங்கையை ஊன்றினால் என்ன ஆகும்? மறுநாள் சட்டை உரசினாலே எரியும், அந்த வாரமே போச்சு. 1990-இல் வகுத்த விதிப்படி, இந்த நோய்தானா என்று கண்டறிய டாக்டர்கள் உடம்பில் 18 புள்ளிகளை அழுத்திப் பார்ப்பார்கள். 11-இல் வலித்தால்தான் இந்த நோய். 2010-இல் அதை விட்டுவிட்டு, வலி எங்கெங்கே இருக்கிறது, தூக்கமும் சோர்வும் எப்படி என்று கேட்கும் முறை வந்தது. மசாஜ் மேசையில் மட்டும் இன்னும் அந்தப் புள்ளிகளைத் தேடித் தேடி அமுக்குகிறார்கள்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி. முதலில் எங்கே தொடக் கூடாது என்று கேட்டுக்கொள்வார். பாதத்தில் சூடான துண்டைச் சுற்றிவிட்டு, உள்ளங்கையை முழுசாகப் பதித்து மெதுவாக மேலே வருவார். தோளுக்குக் கடைசியில்தான் போவார், அதுவும் என் மூச்சைக் கவனித்துக்கொண்டே. அவர் வேலையை விட்டுப் போனதைக்கூட சென்டரில் சொல்லவில்லை. என் அட்டையில் 'லேசாக மட்டும்' என்று எழுதியிருக்கிறது. எழுதியதை ஒருவர் படிக்க வேண்டாமா? ஒவ்வொரு தடவையும் மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டு என் நோயை ஆதியிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

செலவும் நம் தலையில்தான். மெடிக்கல் எய்ட், அதாவது இங்குள்ள மருத்துவக் காப்பீடு, கட்டாயமாகத் தர வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் முடக்குவாதமும் லூபஸும் உண்டு, ஃபைப்ரோமயால்ஜியா இல்லை. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு 2016-இல் திருத்திய பரிந்துரையில் உடற்பயிற்சியைத்தான் அழுத்தமாகச் சொன்னது, மசாஜைப் பரிந்துரைக்கவில்லை. ஆதாரம் போதாது என்கிறார்கள், அது நியாயம்தான். என் தூக்கமும் பொய்யில்லை.

சரி, என் முடிவு: கட்டாதே தங்கச்சி. அந்தப் பணத்தில் வெந்நீர்க் குளத்துப் பயிற்சிக்குப் போ, நடக்கப் பழகு. ஆசையாக இருந்தால் ஒரே ஒரு தடவைக்குக் கட்டு, அதுவும் அரை மணி நேரத்துக்கு. யார் செய்யப்போகிறார் என்று பெயரைக் கேள். அவர், மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான கவுன்சிலில் பதிவு செய்தவரா என்றும் கேள். 'வலித்தால்தான் குணமாகும்' என்று யாராவது சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடு.