ஆலைச் சீட்டைப் படிக்கும் மென்பொருள்: சுங்கை சிப்புட் அலுவலகம் ஒன்றில் எட்டு மாதங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில், சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைப் (எண்ணெய்ப் பனை) பழம் வாங்கி ஆலைகளுக்கு ஏற்றி அனுப்பும் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பகுதி என் பொறுப்பில் உள்ளது. லாரி ஆலைக்குப் போய் வந்தால் ஓர் எடைச்சீட்டு, டீசல் அடித்தால் ஒரு ரசீது, பழம் கொடுத்தவருக்கு ஒரு கைச்சீட்டு, குலை வெட்டும் ஆட்களுக்குத் தனியாக செக்ரோல் எனப்படும் ஒரு வேலை-கூலிப் பதிவேடு என்று நாள்தோறும் வந்து குவியும் காகிதங்களை இரண்டு கிராணிகள் (எழுத்தர்கள்) கணினியில் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசியில் இருவரும் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்தும் வேலை முடியாமல், சம்பள நாளன்று கோபமும் கண்ணெரிச்சலுமாக நிற்பது வழக்கமாகிவிட்டது. இந்த நிலையில்தான், ஈப்போவிலிருந்து வந்த ஒரு விற்பனை முகவர் மூலம், ஸ்கேனர் ஒன்றையும் அதனோடு இணைந்து செயற்கை நுண்ணறிவால் சீட்டுகளைப் படித்து அட்டவணையில் நிரப்பும் மென்பொருளையும் எடுத்தோம். எட்டு மாதங்களாகப் பயன்படுத்துகிறோம். இதே வகைச் சரக்கு இப்போது பல பெயர்களில் விற்கப்படுவதாலும், இங்கே நான் சொல்லப்போகும் குறைகள் பெரும்பாலும் அந்த வகைக்கே உரியவை என்பதாலும், பெயரை எழுதவில்லை.

எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். காகிதத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றுவது புதிய வித்தை அல்ல. டெசராக்ட் என்ற மென்பொருள் 1985இல் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தில் தொடங்கப்பட்டு, 2005இல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டது; அது தமிழையும் படிக்கும். காசு செலவழிக்கும் முன் அதைத்தான் நாங்களும் முயன்று பார்த்தோம். தெளிவான அச்சாக இருந்தால் எழுத்தை நன்றாகவே எடுத்துக் கொடுத்தது. ஆனால் சீட்டில் இருக்கும் மூன்று எடைகளில் எது லாரியோடு சேர்ந்த எடை, எது வெறும் லாரியின் எடை, எது பழத்தின் எடை என்று அதற்குத் தெரியாது. ஒவ்வோர் ஆலையின் சீட்டுக்கும் எந்த இடத்தில் எது இருக்கும் என்று நாமே அளந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். நாங்கள் பழம் அனுப்புவது மூன்று ஆலைகளுக்கு. மூன்றும் மூன்று வடிவம். அதில் ஓர் ஆலை ஆண்டு நடுவில் தன் சீட்டை மாற்றிக்கொண்டது. புதிய மென்பொருள் அந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது. சீட்டில் 'பெராட் பெர்சிஹ்' என்று மலாயில் இருந்தாலும், அதற்குரிய ஆங்கிலச் சொல் இருந்தாலும், இரண்டும் நிகர எடைதான் என்று புரிந்துகொண்டு ஒரே கட்டத்தில் போடுகிறது. நாம் சந்தா கட்டுவது இந்தப் புரிதலுக்கு.

அச்சடித்த ஆலைச் சீட்டுகளைப் பொறுத்தவரை எனக்கு மனநிறைவுதான். ஒரு கற்றையை ஸ்கேனரின் தட்டில் வைத்தால், ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு திரையில் இடப்பக்கம் சீட்டின் படத்தையும் வலப்பக்கம் நிரப்பிய கட்டங்களையும் காட்டுகிறது. சந்தேகமுள்ள கட்டம் மஞ்சள் நிறத்தில் வரும். முன்பு காலை முழுவதும் பிடித்த வேலை இப்போது பத்து மணித் தேநீருக்கு முன் முடிந்துவிடுகிறது. தவறு வந்தாலும் கணக்கே அதைப் பிடித்துக் கொடுத்துவிடும். ஒருநாள் வந்த சீட்டில் மொத்த எடை 14,860 கிலோ, வெறும் லாரி 6,420 கிலோ, பழம் 8,440 கிலோ. கடைசி எண்ணின் முதல் இலக்கம் மடிப்பில் நசுங்கிப்போனதால் மென்பொருள் அதை 3,440 என்று படித்தது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மூன்றாவது வரவேண்டும் என்ற விதியை நாங்கள் முன்பே எழுதிவைத்திருந்ததால், அந்த வரி உடனே சிவப்பானது. அந்த விதி இல்லாதிருந்தால் ஐந்து டன் பழத்துக்கான பணம் கணக்கிலிருந்து காணாமல் போயிருக்கும்.

ஆனாலும் முதல் இரண்டு வாரங்கள் ஓர் ஆலையின் சீட்டுகள் மட்டும் தொடர்ந்து தவறாகவே வந்தன. முகவரின் ஆட்கள் தொலைவிலிருந்தே மென்பொருளுக்குள் நுழைந்து என்னென்னவோ மாற்றிப் பார்த்தார்கள். அந்த ஆலையின் எடைப்பாலத்தில் இருப்பது ஊசிப்புள்ளி அச்சு இயந்திரம். எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளிகளாலானது. ரிப்பன் தேய்ந்துவிட்டால் நம் கண் அந்தப் புள்ளிகளைக் கூட்டிப் படித்துவிடும், மென்பொருளுக்கு அவை எழுத்தாகவே தெரியாது. எங்கள் லாரி ஓட்டுநர் எடைப்பாலத்தில் இருந்த தம்பியிடம் நயமாகச் சொல்லி ரிப்பனை மாற்றவைத்தார். மறுநாளிலிருந்து பிரச்சினை இல்லை. அதோடு ஸ்கேனரை அங்குலத்துக்கு 200 புள்ளியிலிருந்து 300 புள்ளிக்கு ஏற்றியதும் தசமப் புள்ளிகள் காணாமல் போவது நின்றது. இந்த இரண்டுக்கும் ஒரு காசு செலவில்லை என்பதை முகவர் தாமாகச் சொல்லவில்லை.

பெயர்களில் வந்த தொல்லை வேறு வகை. நம் பெயர்களின் நடுவே வரும் 'ஏ சாய்கோடு எல்' என்பதன் பொருள் இன்னாருடைய மகன் என்பது மலேசியாவில் பிறந்த எவருக்கும் தெரியும். வெளிநாட்டில் உருவான மென்பொருளுக்குத் தெரியாது. சாய்கோட்டை ஒன்று என்ற எண்ணாக எடுத்துக்கொண்டது, அல்லது மூன்று குறிகளையும் ஒட்டி ஒரு சொல்லாக்கியது. தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று பிரித்துப் போட்டதால், ஒரே அப்பாவின் பிள்ளைகளான மூன்று பழக்காரர்கள் எங்கள் பட்டியலில் ஒரே ஆளாகச் சுருங்கிப்போனார்கள். பெயரை நம்பாமல் அடையாள அட்டை எண்ணைச் சாவியாக வைத்துக்கொள்ளும்படி மாற்றிய பிறகே இது சரியானது. தேதியிலும் இதே கதை: 03/04 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் மூன்று, அமைப்பில் ஒரு பொத்தானை மாற்றாத வரை அதற்கு மார்ச் நான்கு.

இனி, இந்த எட்டு மாதங்களில் என்னை உண்மையில் கலங்கவைத்த ஒரு ரசீதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிக்அப் வண்டிக்கு 2025இல் டீசல் அடித்த ரசீது அது. வெப்பத்தாளில் அச்சானது, வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்து, லிட்டர் எண்ணிக்கையைத் தவிர மற்ற எண்கள் எல்லாம் வெளுத்துப் போயிருந்தன. பழைய வகை மென்பொருளாக இருந்தால் அங்கே குப்பை எழுத்துகளைக் கொட்டியிருக்கும், அல்லது வெறுமையாக விட்டிருக்கும். கிராணி பார்த்தவுடன் ஒதுக்கி வைத்திருப்பார். இது அப்படிச் செய்யவில்லை. 80 லிட்டர், லிட்டருக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசு, மொத்தம் 172 வெள்ளி என்று மிகச் சுத்தமாக நிரப்பிக் கொடுத்தது. மஞ்சள் நிறம் இல்லை. பெருக்கிப் பார்க்கும் விதியும் அதை ஏற்றுக்கொண்டது, ஏனென்றால் 80ஐ 2.15ஆல் பெருக்கினால் 172தான். தீபகற்ப மலேசியாவில் டீசல் அந்த விலைக்கு விற்றது 2024 ஜூன் 10ஆம் தேதிக்கு முன்பு. அன்று 3 வெள்ளி 35 காசாக உயர்ந்து, பிறகு வாரந்தோறும் மாறத் தொடங்கியது. மானிய அட்டை இல்லாத எங்கள் வண்டிக்கு 2025இல் பழைய விலை கிடைக்க வழியே இல்லை. வங்கி அட்டைக் கணக்கைப் புரட்டியபோது அதில் வேறு தொகை இருந்தது. ஆக, படிக்க முடியாத இடத்தில் மென்பொருள் தான் எங்கோ கற்ற பழைய விலையை வைத்து, பொருந்துமாறு ஒரு கணக்கையே ஜோடித்துவிட்டது.

மனிதக் கிராணி தவறு செய்தால் அது தவறுபோலவே இருக்கும். ஒரு சுழியம் கூடும், இரண்டு எண் இடம் மாறும். இந்த மென்பொருளின் தவறு சரியான விடையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறது. இதற்கு மருந்து உண்டு: தெரியாத கட்டத்தை ஊகித்து நிரப்பாமல் வெறுமையாக விடு என்று அமைப்பில் ஒரு தேர்வு இருக்கிறது. அது மூடியே தரப்படுகிறது. திறந்தால் வெறுங்கட்டங்கள் கூடி, விற்பவர் செய்துகாட்டும்போது அவ்வளவு அழகாக இராது. இந்த மென்பொருளை வாங்கும் எவரும் முதல் நாளே அந்தத் தேர்வைத் திறந்துவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

அதற்குப் பின்தான் விதிகளை ஒழுங்காக எழுத உட்கார்ந்தோம். பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செக்ரோல் எழுதி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை, நாங்கள் கிராணி மாமா என்று அழைப்பவரை, ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு உட்காரவைத்தோம். "சீட்டப் படிக்க எதுக்கும்மா மிஷினு? எது பொய்யுன்னு தெரிஞ்சாப் போதுமே" என்றுதான் அவர் ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவற்றில் சில: அடையாள அட்டையின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08; கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. வழக்கமான வாகன எண்களில் ஐ, ஓ என்ற ஆங்கில எழுத்துகள் வருவதில்லை; வந்தால் அது ஒன்றும் சுழியமும்தான். வெறும் லாரியின் எடை நாளுக்கு நாள் அதிகம் மாறாது. திடீரென்று மாறினால் ஒன்று படித்தது தவறு, அல்லது வேறு ஏதோ நடந்திருக்கிறது. இந்தக் கடைசி விதி, மென்பொருளின் தவறுகளோடு, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பழைய விவகாரத்தையும் வெளியே இழுத்தது. அது எங்கள் முதலாளியும் ஒரு லாரி ஓட்டுநரும் பேசித் தீர்த்துக்கொண்ட சங்கதி, இங்கே வேண்டாம்.

செக்ரோலுக்கு இது உதவவில்லை. மண்டோர் (ஆட்களின் மேற்பார்வையாளர்) மழையில் நின்று பென்சிலால் எழுதிய குலை எண்ணிக்கையில் ஒன்றும் ஏழும் ஒன்றுபோலவே இருக்கின்றன. உதிரிப் பழ மூட்டைக்கு அவர் போடும் கோடுகள் நான்கா ஐந்தா என்பதில் மென்பொருளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கருத்து. ஒருவரின் உழைப்பும் கூலியும் அந்தக் கோட்டில்தான் இருக்கின்றன. ஒரு மாதம் பார்த்துவிட்டு நிறுத்தினோம். இன்றும் அதைக் கிராணி கையால்தான் தட்டுகிறார், மண்டோரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு.

விற்பனைப் பேச்சில் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். உள்நாட்டு வருமான வாரியத்தின் மின்விலைப்பட்டியல் முறை, ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி தொடங்கி, படிப்படியாகச் சிறியவர்களை நோக்கி இறங்கி வந்ததால் பட்டணத்தில் எல்லாருக்கும் ஒரு பயம் இருந்தது. ஸ்கேனர் வாங்கினால் அதுவும் முடிந்துவிடும் என்ற தொனியில் எங்களிடம் பேசப்பட்டது. உண்மை அதுவன்று. வாரியம் கேட்பது எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் என்ற, கணினி நேராகப் படிக்கும் வடிவில் அமைந்த தரவு. காகிதத்தை ஸ்கேன் செய்த படமோ பிடிஎஃப் கோப்போ மின்விலைப்பட்டியல் ஆகாது. குறைவான பரிவர்த்தனை உள்ளவர்கள் வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்திலேயே இலவசமாகச் செய்துகொள்ளலாம். அதேபோல, எங்கள் சொந்த எடைப்பாலத்தின் கணினியிலிருந்து கோப்பாகவே எடுக்கக்கூடிய விவரத்தை அச்சடித்து, அதையே திரும்ப ஸ்கேன் செய்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று இரண்டு மாதம் பணம் கட்டியிருக்கிறோம். இந்த மடத்தனத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

பக்கக் கணக்கைப் பற்றியும் ஒரு வரி. ஸ்கேனர் தாளின் இரு பக்கமும் படமெடுக்கும். வெற்றுப் பின்பக்கமும் ஒரு பக்கமாக எண்ணப்பட்டு முதல் மாத ஒதுக்கீடு பாதி மாதத்தில் தீர்ந்தது. வெற்றுப் பக்கத்தை நீக்கும் வசதியை இயக்கிய பின் சரியானது, கட்டிய கூடுதல் பணம் திரும்பவில்லை. மாதச் சந்தா 260 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாகிவிட்ட காலத்தில் இது மலிவு என்று முகவர் சொல்வார். ஆனால் நாங்கள் எந்தக் கிராணியையும் குறைக்கவில்லை, மாதக் கடைசி ஓவர்டைம்தான் குறைந்தது. அந்த மிச்சமே சந்தாவுக்குப் போதுமானதாக இருக்கிறது.

வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கடப்பிதழ் நகல்களை மட்டும் இதற்குள் விடவில்லை. படங்கள் எந்த நாட்டுச் சேமிப்பகத்தில் வைக்கப்படுகின்றன என்று கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை; 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கேள்வி வந்தால் நாங்களும் பதில் சொல்ல வேண்டும். மூலச் சீட்டுகளையும் எறியவில்லை. வருமான வரிக்கு ஏழு ஆண்டு ஆவணம் வைத்திருக்க வேண்டும் என்பதால் அட்டைப்பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அச்சடித்த சீட்டுக்கு ஐந்தில் நான்கரை, ரசீதுக்கு மூன்று, கையெழுத்துக்கு ஒன்று என்று மதிப்பெண் போடுவேன். ஆண்டுச் சந்தாவுக்குத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு மட்டும் புதுப்பித்திருக்கிறோம், அதுவும் ஆலைச் சீட்டுக்கு மட்டும். நாங்கள் விலகினால் இதுவரை ஏற்றிய விவரங்கள் அனைத்தையும் எங்கள் கையில் எந்த வடிவத்தில் கொடுப்பார்கள் என்று எழுதிக் கேட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் வராததால், வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு ஒரு நகல் எங்கள் சொந்த வட்டில் இறங்குகிறது.