சும்மா இருப்பவர் யார்: நெல்லைச் சீமையின் வேலைக் கணக்கு

முக்கூடலில் என் அண்ணன் வீட்டுக்கு ஒருநாள் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்காக ஓர் அலுவலர் வந்தார். நானும் அங்கே இருந்தேன். அண்ணன் கொத்தனார். அந்த வாரம் எம்-சாண்ட் வண்டி வராததால் மூன்று நாள்தான் வேலை. மிச்ச நாள் திண்ணை. "வேலை இல்லை சார், தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றார். மதினியிடம் கேட்டதற்கு, "நான் சும்மாதான் வீட்டில் இருக்கிறேன்" என்று பதில் வந்தது. சொன்னவரின் மடியில் பீடித் தட்டு. ஈரத் துணிக்குள் இருந்த இலைகளை ஒவ்வொன்றாக உருவி, தகட்டை மேலே வைத்து, அளவாகக் கத்தரித்துக்கொண்டேதான் சொன்னார். வந்தவர் விவரமானவர். தட்டைக் காட்டி, "அப்படியென்றால் இது என்ன அம்மா?" என்றார். "இதுவா? இது பீடி" என்றார் மதினி. அலுவலர் ஏதோ குறித்துக்கொண்டார்.

அரசின் வாரக் கணக்கு முறைப்படி, முந்தைய ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்திருந்தால்கூட அவர் வேலையில் இருப்பவர்தான். எனவே மூன்று நாள் சுவர் எழுப்பிய அண்ணன் வேலையில் இருப்பவர். மதினியும் அப்படியே, அலுவலர் தட்டைக் கவனித்ததால். கவனிக்காமல் போயிருந்தால் மதினி வேலையுள்ளவர் பட்டியலிலும் இருந்திருக்க மாட்டார், வேலையில்லாதவர் பட்டியலிலும் இருந்திருக்க மாட்டார். வீட்டுப் பணிகளைச் செய்பவர் என்று மூன்றாவது கட்டம் ஒன்று உண்டு. அதில் விழுந்தவரை வேலையின்மைக் கணக்கு திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த மூன்றாவது கட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2023-24ஆம் ஆண்டு தொழிலாளர் கணக்கெடுப்பில், வாரத்தை அல்லாமல் முழு ஆண்டையும் பார்க்கும் முறைப்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் ஆண்களின் வேலையின்மை 3.2 சதவீதம். பெண்களுடையதும் அதே 3.2. ஆணும் பெண்ணும் சரிசமம் ஆகிவிட்டார்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த ஆண்டில் வேலை செய்தோ தேடியோ உழைப்புச் சந்தையில் நின்ற ஆண்கள் நூற்றுக்கு 78.8 பேர், பெண்கள் 41.7 பேர். வேலையின்மைச் சதவீதம் இவர்களை வைத்து மட்டுமே போடப்படுகிறது. அதாவது நூறு ஆண்களில் இரண்டரைப் பேரும், நூறு பெண்களில் ஒன்றேகால் பேரும்தான் வேலையில்லாதவர்கள். நூறு பெண்களில் மீதி 58 பேர் இந்தக் கணக்குக்கே வரவில்லை. 2017-18இல் பெண்களின் பங்கேற்பு 23.3 ஆக இருந்தது, ஏறியிருப்பது உண்மைதான். ஏறியதில் பெரும்பகுதி மாதச் சம்பளம் அல்ல; சொந்தத் தொழிலும் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் கைகொடுப்பதும்தான்.

தொழில்வாரியாகப் பிரித்துப் பார்ப்பது இன்னும் சிக்கல். அமெரிக்காவில் வேலையிழந்தவரை அவர் கடைசியாக இருந்த தொழிலின் பெயரில் எழுதுகிறார்கள். அதனால்தான் 2009இல் கட்டுமானமும் ஆலைகளும் படுத்தபோது ஆண்களின் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியதையும் பெண்களுடையது 8 சதவீதத்தை ஒட்டி நின்றதையும், 2020 ஏப்ரலில் ஓட்டல், கேளிக்கைத் தொழில்களில் 39.3 சதவீதம் பேர் வேலையிழந்து நின்றதையும், அம்முறை பெண்கள் அதிகம் அடிபட்டதையும் அவர்களால் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. நம்மூரில் ஓர் ஆள் பிசானம் என்ற நெல் பருவத்தில் வயலில் இருப்பார், கோடையில் கொத்தனாருக்குக் கையாளாக இருப்பார், காற்றுக் காலத்தில் பணகுடிப் பக்கம் காற்றாலைக் காவலுக்குப் போவார். அவர் எந்தத் தொழிலில் வேலையிழந்தவர்?

ஆகவே சதவீதங்களை ஓரமாக வைத்துவிட்டு, நம் பக்கத்துத் தொழில்களை ஒன்றுக்கு எதிராக ஒன்றை நிறுத்திப் பார்க்கிறேன். என் கேள்வி ஒன்றுதான்: வேலை குறையும்போது அது யாரை எங்கே கொண்டுபோய் விடுகிறது?

முதலில் பீடியும் கட்டடமும். முக்கூடல், மேலப்பாளையம், கடையம், ஆலங்குளம் வட்டாரத்தில் பெண்களின் தொழில் பீடி, ஆண்களின் தொழில் கட்டடம் என்று பல வீடுகளில் பிரிந்திருக்கிறது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் "பீடி சுற்றத் தெரியுமா?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது, கம்பெனிப் பாஸ் புத்தகம் உள்ள பெண்ணுக்கு மதிப்பு. காரணம் இல்லாமல் இல்லை. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளியாக ஏற்றது. வைப்பு நிதி கிடைத்தது. 1976இல் வந்த நல நிதியிலிருந்து மருத்துவமும் பிள்ளைகளுக்குப் படிப்புதவியும் கிடைத்தன. அந்த நிதிக்கான தனி வரி 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது நின்றுபோனது. பீடி மீது அப்போது 28 சதவீத ஜிஎஸ்டி ஏறியது.

பீடியில் யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை. இலையைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வரும் இலையும், தூளும் பீடிக்கடையில் அளந்து கொடுக்கப்படும். ஆயிரம் பீடிக்கு இலை வாங்கிய கைக்கு ஐந்நூறுக்குக் கொடுப்பார்கள். வாரத்தில் ஆறு நாள் போய் நான்கு நாளாகும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. ஆயிரத்துக்கு நாற்பது கட்டு. மதினி முன்பு நாற்பது கட்டு கொண்டுபோன இடத்தில் இப்போது இருபதோ இருபத்தைந்தோ கொண்டுபோகிறார். அதிலும் கடையில் கழித்துப் போடுவது தனி. கூலி பாதியானாலும் கணக்கேட்டில் அவர் வேலையில்தான் இருக்கிறார்.

கட்டடம் நேர் எதிர். நிற்கும்போது ஒரேயடியாக நிற்கும். ஓடும்போது நாள் கூலி பீடியைவிடப் பல மடங்கு. நின்றால் ஊருக்கே தெரியும்: டீக்கடை பெஞ்ச் நிறைந்துவிடும். ஆணின் வேலையின்மைக்கு ஒரு பெஞ்ச் இருக்கிறது. பெண்ணின் வேலையின்மைக்கு அடுப்படிதான். அதே கட்டடத்தில் சித்தாளாகப் போகும் பெண்களையும் சொல்ல வேண்டும். கையாளாக வந்த பையன் நாலைந்து வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். சித்தாள் அறுபது வயது வரை சித்தாளாகவே கலவை சுமக்கிறார். கரண்டி பிடித்த சித்தாள் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

அடுத்தது வயல். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு நெல் போகம். ஜூன் முதல் தேதி பாபநாசம் அணை திறந்தால் கார். திறக்காவிட்டால் ஐப்பசி வரை நடவுப் பெண்களுக்கு வேலை கிடையாது. இங்கே இயந்திரம் வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். டிராக்டர் வந்து உழவனின் ஏரைப் பிடுங்கியது. ஆனால் உழவனின் மகன் டிராக்டர் ஓட்டினான். களைக்கொல்லி வந்து களையெடுப்பைக் குறைத்தது, அறுவடை இயந்திரம் வந்து அரிவாளை மூலையில் வைத்தது. இரண்டிலும் பெரும்பாலும் போனது பெண்களின் நாட்கள். அறுவடை இயந்திரத்தின் இருக்கையில் வெளி மாவட்டத்து டிரைவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்துப் பெண் யாரும் அதில் ஏறவில்லை.

அந்த இடைவெளியில்தான் நூறு நாள் வேலை வந்தது. 2005இல் சட்டமான அந்தத் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் பெண்களே வந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. 2024-25இல் 319 ரூபாய். வெளியே அதைவிட அதிகம் வாங்கும் ஆணுக்கு அது இறக்கம், வயலில் குறைவாக வாங்கும் பெண்ணுக்கு அது ஏற்றம். ஆண்கள் "அது பெண்கள் வேலை" என்று சொல்லி விலகியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆண்களின் வேலையின்மை எங்கள் பக்கம் குறைவாகத் தெரிவதற்கு இன்னொரு காரணம், அவர்கள் ஊரில் இருப்பதில்லை. சென்னை மளிகைக் கடைகள், மும்பை தாராவி, வளைகுடா என்று தலைமுறைகளாகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். வேலையில்லாத ஆண் பஸ் ஏறுகிறான். பெண்ணுக்கு அந்த பஸ் கோயம்புத்தூர், திருப்பூர் நூற்பாலை விடுதிகளுக்கு மட்டுமே போனது. மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்ற பேச்சில். அதில் ஏறி, உடம்பு கெட்டுப் பாதியில் திரும்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அதோடு ஒப்பிட்டால் நெல்லையை அடுத்த கங்கைகொண்டான் எவ்வளவோ மேல். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் டாடா பவரின் சூரிய மின்தகடு ஆலை 2025 பிப்ரவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. வேலை செய்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். வேலை முடித்து வீட்டுக்கு வந்து படுக்கலாம் என்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது விடுதியில் இருந்தவருக்குத்தான் தெரியும். என் சந்தேகம் வேறு. இத்தகைய ஆலைகள் பொதுவாக எடுப்பது இளம் வயதுப் பெண்களை. கல்யாணம், பிள்ளைப்பேறு என்று ஒருமுறை வெளியே வந்தவர் முப்பத்தைந்து வயதில் திரும்பிப் போக முடியுமா என்பதைப் பத்தாண்டு கழித்துத்தான் சொல்ல முடியும்.

படித்த பெண்களுக்கு நெல்லை டவுனிலும் வண்ணாரப்பேட்டையிலும் ஜவுளிக்கடை, இல்லையென்றால் தனியார் பள்ளி. கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டமே போட வேண்டியிருந்தது. பள்ளியோ கௌரவமான இடம். எம்.எஸ்சி., பி.எட். முடித்த என் அக்காள் மகள் ஒரு சிறிய பள்ளியில் கணக்கு ஆசிரியை. மே மாதம் அவளுக்குச் சம்பளம் கிடையாது. ஜூனில் திரும்ப எடுப்பார்களா என்பதும் ஜூனில்தான் தெரியும். வருடத்துக்கு ஒரு மாதம் அவள் வேலையற்றவள், ஆனால் அது விடுமுறை என்று அழைக்கப்படுகிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. எங்காவது சம்பளத்துக்குப் போனால் அதுவும் கிடையாது.

அவளுக்கு நான் சொன்னது: கங்கைகொண்டானில் அலுவலகப் பிரிவில் இடம் கிடைத்தால் போ, பள்ளியை விடு. அவள் தம்பி ஐடிஐ முடித்தவன். கொத்தனார் கூலியைப் பார்த்து மயங்காமல் காற்றாலையோ சூரிய ஆலையோ பராமரிப்புப் பக்கம் போகச் சொன்னேன். கூடங்குளத்தில் புதிய உலைகளின் கட்டுமானம் நடக்கிறது என்றாலும் அது ஒப்பந்தக் கூலி, கட்டி முடித்தால் முடிந்தது.

ஒரே தொழில், ஒரே நாள், ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்ந்தே வேலை போன இடம் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் வாங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028 வரை இருக்க, 2024இலேயே தோட்ட நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கியது. தேயிலை பறித்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மலையிலிருந்து இறங்கி வரும் ஓர் ஆணிடம் கணக்கெடுப்பவர் கேட்டால் "வேலை தேடுகிறேன்" என்பார். பக்கத்தில் நிற்கும் மனைவி, முப்பது வருடம் கொழுந்து கிள்ளியவர், என்ன சொல்வார் என்று யோசித்தால் எனக்கு மதினியின் பதில்தான் நினைவுக்கு வருகிறது.

அன்றைக்கு அலுவலர் கிளம்பிய பிறகு, "தம்பி, என்னைப் பற்றி அவர் என்ன எழுதினார்?" என்று மதினி கேட்டார். எட்டிப் பார்த்திருந்தேன். இலை வாங்கி வீட்டிலிருந்து சுற்றிக் கொடுப்பவரை அந்தக் கணக்கெடுப்பில் சுயதொழில் செய்பவர் என்றுதான் பதிவார்கள். சொன்னேன்.

"சொந்தத் தொழிலா?" மதினி கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்படியென்றால் நாளைக்கு இலை இல்லை என்று கடைக்காரர் சொல்லும்போது, நான் யாரிடம் சண்டை போடுவது?"