ஏழு வருடமாகக் கழுத்தில் தொங்கும் நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமரா

பெங்களூரில் ஒருவரிடம் செகண்ட் ஹாண்டில் இந்தக் கேமராவை வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் ஒரு படம்கூட எடுக்கவில்லை. தோல் உறையில் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். வீட்டுக்கு யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவேன். கையில் வாங்கி "நல்ல வெயிட்டு" என்பார்கள். அவ்வளவுதான், திரும்ப உள்ளே போய்விடும்.

ஒரு மழைக்காலம் கழிந்து லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அப்போது தெரியாது. வெளிச்சம் புகாமல் அடைக்கும் பின்மூடி ஓரத்து ஸ்பாஞ்சும் வெயிலில் இளகிய தார் போல விரலில் ஒட்டியது. ரிப்பேர் செய்து கொடுத்தவர் ஒன்றுதான் சொன்னார்: "மாசம் ஒரு ரோலாவது ஓட்டுங்க சார், சும்மா வெச்சா உள்ள எண்ணெய் இறுகிடும்."

சரி என்று ஓட்ட ஆரம்பித்தேன். தை மாதம் எருது விடும் விழா. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிராமத்தில் மாடி விளிம்பில் நின்று, 1/1000 நொடியில் எருதுகளைப் படம் எடுத்துத் தள்ளினேன். ஒரு ரோலுக்கு 36 படம்; எண்ணிக்கை அதைத் தாண்டியும் ஃபிலிமை நகர்த்தும் லீவர் இழுபட்டுக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஃபிலிமின் நுனி உருளையில் மாட்டவே இல்லை. ஒரு படமும் விழவில்லை. இப்போதெல்லாம் ஃபிலிம் போட்டு மூடியதும் லீவரை இழுத்து, இடப்பக்கம் சுருட்டும் குமிழும் கூடவே சுற்றுகிறதா என்று பார்க்காமல் நகர்வதில்லை.

1982-ல் வந்த மாடல். வெளிச்சத்தை உள்ளே விடும் திரையான ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல், 1/4000 நொடி வேகம் வரை. உள்ளே போடும் இரண்டு பொத்தான் பேட்டரியும் வெளிச்சம் அளக்க மட்டும்தான். ஒகேனக்கலில் அது தீர்ந்துபோனது. ஒளியுணரும் அளவு ஐஎஸ்ஓ 200 உள்ள ஃபிலிம், உச்சி வெயில். லென்ஸ் துளையை எஃப்/16, ஷட்டரை 1/250 என்று கைக்கணக்கில் வைத்தேன். பாறை நிழலுக்குள் பரிசல் போனதும் துளையை எஃப்/8-க்குத் திறந்தேன். சாரல் படாமல் துண்டால் சுற்றிப் பிடித்திருந்த என்னைப் பார்த்துப் பரிசல்காரர், "எடுத்தது எங்க சார் தெரியும்?" என்றார். பத்து நாள் ஆகும் என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்தார். அந்த ரோலில் நான்கைந்து தவிர எல்லாம் தேறின.

குறை இல்லாமல் இல்லை. நான் இடக்கண்ணால் பார்ப்பவன். வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்ய லீவரைச் சற்று வெளியே இழுத்து வைக்க வேண்டும், அது நேராக வலக்கண்ணில் குத்தும். ஃபிலிமும் கழுவுகிற கூலியும் கூரியரும் சேர்ந்தால் வீட்டில் கணக்குக் காட்ட முடியாது.

மூலைகளில் கறுப்புச் சாயம் தேய்ந்து உலோகம் பளபளக்கிறது. சேகரிப்பாளர் நண்பர் ஒருவர், "கீறல் இல்லாம வெச்சிருந்தா நல்ல விலை போயிருக்கும்ண்ணா" என்று அங்கலாய்க்கிறார். அவரிடம் பதினேழு கேமரா இருக்கிறது. ஒன்றிலும் ஃபிலிம் இல்லை.

பூஞ்சை அரித்த தடம் மட்டும் லென்ஸ் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டது, துடைத்தும் போகவில்லை. சூரியனுக்கு எதிரே திருப்பினால் படம் அந்தப் பக்கம் மங்கும். அதனால் மாங்காய் மண்டிக்குப் போனால் முதுகில் வெயில் படும்படி நிற்கிறேன்.